மறுமொழி: ‘புரோகிரசிவ் ஓவர்லோட்’ – ஏறுசுமை எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நாம் தமிழாக்கிவரும் தசை வளர்ப்புக் கலைச்சொற்களில், பழகப் பழகச் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதைக் குறிக்கும் ‘புரோகிரசிவ் ஓவர்லோட்’ என்பதற்கு மட்டும் தமிழ்ச்சொல் இரண்டு வாரமாக முடிவாகாமல் நிற்கிறது. நண்பர்கள் எழுதிய கருத்துகளை மேற்கோளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே என் பதிலைத் தருகிறேன். எடைப் பயிற்சியின் உயிர்நாடியே இதுதான் என்பதால் அவசரப்படாமல் பேசுவது நல்லது என்று நினைக்கிறேன்.

> முற்போக்கு மிகைச்சுமை என்பதே மூலத்துக்கு மிக நெருக்கம்.

இதைத்தான் நானும் போன மாதம் எங்கள் பயிற்சிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதி வைத்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் அங்கே வருகிறார். வயது 60-ஐத் தாண்டிவிட்டது. டம்பெல்லைக் கையில் எடுத்தவர் பலகையைப் படித்துவிட்டு அதைக் கீழே வைத்துவிட்டார். “மிகைச்சுமை என்றால் தாங்க முடியாத சுமை அல்லவா, தம்பி? எனக்கு எதற்கு அது?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மிகைபடக் கூறலை நூலின் பத்துக் குற்றங்களில் ஒன்றாக வைத்த மொழி நம்முடையது. ‘மிகை’ என்றாலே அளவு மீறியது, வேண்டாதது என்றுதான் காதில் விழுகிறது. ‘முற்போக்கு’ பற்றிச் சொல்லவே வேண்டாம். அது அரசியல் மேடைக்கு என்றோ போய்விட்டது.

அந்த அம்மாவின் குறிப்பேட்டைப் பாருங்கள். முதல் வாரம் 3 கிலோ, 8 தடவை. பிறகு 9, பிறகு 10. தடுமாறாமல் 12 தடவை முடித்த பின்புதான் 4 கிலோ. எண்ணிக்கை மறுபடி 8-இல் தொடங்குகிறது. எந்த நாளிலும் அளவு மீறிய சுமை இல்லை. பழகிய சுமையைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். இழுவிசையை உணரும் தசையிழை, ஆக்டின், மயோசின் புரதங்களைக் கூடுதலாகச் சேர்த்துத் தடிக்கிறது. அதே சுமை பழகிப்போனால் மேலும் தடிக்க அதற்குத் தேவை இல்லை. அதனால்தான் சுமை ஏற வேண்டியிருக்கிறது. (தொடக்க வாரங்களில் கூடும் வலு பெரும்பாலும் நரம்புகளின் தேர்ச்சியால் வருவது, தசை பருப்பது கண்ணுக்குத் தெரியப் பின்னும் நாளாகும். அதற்குள் பலர் நின்றுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.)

இந்தத் துறையில் பெயர் மாறிய கதை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், காயமுற்ற வீரர்களுக்குச் சிகாகோ ராணுவ மருத்துவமனையில் எடை தூக்கும் பயிற்சி அளித்தவர் மருத்துவர் தாமஸ் டிலோர்ம். 1945-இல் எழுதிய கட்டுரையில் அதைக் ‘கடும் எதிர்ப்புப் பயிற்சி’ என்ற பொருளில் குறித்தார். 1948 வாக்கில் முறையைத் திருத்தினார். ஒருவர் 10 தடவை மட்டுமே தூக்கக்கூடிய எடையைக் கண்டுபிடித்து, முதல் சுற்றில் அதில் பாதி, அடுத்து முக்கால், கடைசியில் முழுவதும். அப்போது பெயரிலிருந்து ‘கடும்’ போய், ‘படிப்படியாகக் கூடும்’ என்ற பொருள் வந்து சேர்ந்தது. பெயர் வைத்தவரே விட்டுவிட்ட கடுமையை நாம் ‘மிகை’ என்று ஏன் திரும்பக் கொண்டுவர வேண்டும்?

‘ஏறுசுமை’ என்பது அந்தத் தமிழாசிரியை தந்த சொல். மறுநாள் குறிப்பேட்டின் தலைப்பில் அதை எழுதிக்கொண்டு வந்தார். ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை: ஏறிய சுமை, ஏறுகின்ற சுமை, ஏறும் சுமை என மூன்று காலமும் உள்ளே அடங்கியிருக்கிறது. நேற்றுத் தூக்கியது, இன்று தூக்குவது, அடுத்த வாரம் தூக்கப்போவது, மூன்றையும் சேர்த்து எண்ணுவதுதானே இந்தப் பயிற்சி! ‘படிப்படியான கூடுதல் சுமை’ விளக்கமாக நிற்குமே ஒழிய, பயிற்சிக்கூடத்தில் வாயில் புழங்காது. ஒரு வேண்டுகோள்: வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ‘ஏறுச்சுமை’ என்று எழுதிவிட வேண்டாம்.

> ஏறுபளு என்றால் இன்னும் துல்லியமாக இருக்குமே?

பளு என்றதும் பளுதூக்கும் போட்டி நினைவுக்கு வருகிறது. எடையோடு பொருள் நின்றுவிடுகிறது. எடையைக் கூட்டாமல் தடவைகளையோ சுற்றுகளையோ கூட்டினாலும் இதே கோட்பாடுதான். வேலைச்சுமை, குடும்பச்சுமை என்று பழகிய ‘சுமை’ இவை அனைத்தையும் தாங்கும்.

> ‘ஏறு’ என்றால் காளை. ஏறுதழுவல் நினைவு குறுக்கே வராதா?

வரட்டும், அது இன்னும் பொருத்தம்! கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மல்லர் குரோட்டன் மைலோவைப் பற்றிய கதை எடைப் பயிற்சியாளர்கள் எல்லாருக்கும் தெரியும். பிறந்த கன்றை நாள்தோறும் தோளில் சுமந்தார். கன்று வளர்ந்தது, அவர் வலுவும் வளர்ந்தது. கடைசியில் தோளில் இருந்தது முழு வளர்ச்சி பெற்ற ஏறு. கதையின் உண்மை எப்படியானாலும், கோட்பாட்டை இதைவிட அழகாக யாரும் சொன்னதில்லை. நம் இளவட்டக்கல் இதற்கு நேர்மாறு. கல்லின் எடை மாறாது. அது வலுவைச் சோதிப்பது, வளர்ப்பது அல்ல.

ஒரு சொல்லுக்கு மட்டும் உங்கள் உதவி தேவை. சில வாரங்களுக்கு ஒருமுறை தசைகளும் மூட்டுகளும் தேற, வேண்டுமென்றே சுமையைக் குறைத்துக்கொள்ளும் ‘டீலோட்’. ஏறுவரிசைக்கு இறங்குவரிசை போல ‘இறங்குசுமை’ எனலாம் என்று முதலில் தோன்றியது. ஆனால் அதே வினைத்தொகை இங்கே எதிராகத் திரும்புகிறது: தொடர்ந்து இறங்கிக்கொண்டே போவதாகப் பொருள் தருகிறது. ‘இளைப்பாறு வாரம்’ என்பது என் இப்போதைய எண்ணம். அம்மாவுக்கு வரும் திங்கள்கிழமை அந்த வாரம் தொடங்குகிறது. குறிப்பேட்டில் தலைப்பை எழுதாமல் இடம் விட்டு வைத்திருக்கிறார்.