பூட்ஸ் முனையில் பளபளப்பு நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். மகள் என்.சி.சி.யில் இருக்கிறாள். ஜனவரி 26 புதுச்சேரி கடற்கரைச் சாலை அணிவகுப்புக்கு அவள் பூட்ஸைக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தர வேண்டும். 10 நாளாக ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்கிறேன். துடைத்ததும் முகம் தெரிகிறது. காலையில் பார்த்தால் வெள்ளையாக மங்கிக் கிடக்கிறது, கொஞ்சம் நடந்தாலே மெல்லிய விரிசல். மடங்கும் இடத்தில் மெழுகு வெடிக்கும் என்பதால் அங்கே கனமாகப் பூசுவதில்லை. விரிசல் விழுவது மடங்காத முனையில்தான்.

கறுப்பு நிறம், அசல் தோல், கணுக்கால் உயரம், வாங்கி ஆறு மாதம். வீடு முத்தியால்பேட்டையில், கடல் காற்று ஈரம் எப்போதும் உண்டு.

டப்பா மெழுகு பாலிஷைப் பழைய வேட்டித் துணியில் தொட்டு, சொட்டுத் தண்ணீரோடு சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தேன். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே கால் மணி நேரம் காயவிட்டேன். ஹேர் டிரையர் சூடும் காட்டியாயிற்று. அப்புறம்தான் மகள் சொன்னாள், முன்பு அவசரத்துக்கு முனையில் திரவ பாலிஷ் பூசியிருக்கிறாள். அதன் மேலேயே நான் மெழுகு ஏற்றியிருக்கிறேன். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

அந்தத் திரவ பாலிஷ் படலத்தைத் தோல் கெடாமல் முழுக்க எடுக்க எதைப் பயன்படுத்தலாம்?