நிதிக் குத்தகை என்ற சொல் சரிதானா?

நாகர்கோவிலிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு,

மார்த்தாண்டத்தில் ஸ்கேன் சென்டர் நடத்தும் ஒருவருக்கு லீஸ் ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் விளக்கவேண்டி வந்தது. ஒரு பேச்சுக்கு மிஷின் விலை பத்து லட்சம், லீஸ் ஐந்து வருடம், மாதம் 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கலைச்சொல் பட்டியல்களில் ஃபைனான்ஸ் லீஸுக்குச் சுற்றிவரும் சொல்லை அப்படியே எடுத்து, 'இது நிதிக் குத்தகை' என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு அவர் கேட்டார்: "நிதியையா குத்தகைக்கு எடுத்திருக்கிறேன்? மிஷினை அல்லவா எடுத்தேன்?"

சரி, அடுத்த வகையைச் சொல்லிப் புரியவைப்போம் என்று 'இயக்கக் குத்தகை' பக்கம் போனேன். "அப்படியென்றால் மிஷினை இயக்குகிற ஆளும் கூட வருவாரா, ஜேசிபிக்கு டிரைவர் வருகிற மாதிரி?" என்றார். இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. குற்றம் அவர்மேல் இல்லை, சொல்மேல்தான். ஃபைனான்ஸ் லீஸ், ஆபரேட்டிங் லீஸ் என்ற இரண்டையும் யாரோ சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டார்கள். பொருளைப் பெயர்க்கவில்லை.

பொருள் என்ன? மேலே சொன்ன மிஷின் ஆறு வருடம் உழைக்கும் என்றால், அதில் ஐந்து வருடத்தை எடுத்தவரே தின்றுவிடுகிறார். கட்டுகிற தவணைகளை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 9.9 லட்சம், அதாவது மிஷினின் முழு விலை. ரிப்பேர், இன்சூரன்ஸ், நடுவில் புது மாடல் வந்து இது பழசாகிப்போகிற நட்டம் எல்லாம் எடுத்தவர் தலையில். பேப்பரில் சொந்தக்காரர் வேறொருவர், அவ்வளவுதான். இது ஃபைனான்ஸ் லீஸ். அதே ஆள் ஒரு ஜெனரேட்டரை மூன்று மாதத்துக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்தால், அது அடுத்த ஆளிடம் போகும். விலை பல கைகளில் பிரிந்து தேறும். அது ஆபரேட்டிங் லீஸ்.

'பெரிய கம்பெனிகளுக்கு இந்தப் பிரிவே போய்விட்டதே' என்று கணக்குப் படித்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். 2019 ஏப்ரல் முதல் இந்தியக் கணக்கியல் தரநிலை 116 நடப்பில் இருக்கிறது. எடுத்தவர் எந்த வகையில் எடுத்திருந்தாலும், 12 மாதத்துக்கு உட்பட்டதையும் சில்லறை மதிப்புள்ளதையும் தவிர மற்றதெல்லாம் அவருடைய ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) வந்தாக வேண்டும். இதற்கு முன்பு ஆபரேட்டிங் லீஸில் எடுத்த விமானம் விமானக் கம்பெனியின் ஐந்தொகையில் இருக்காது. பன்னாட்டுக் கணக்கியல் தர வாரியத்தின் தலைவராக இருந்த டேவிட் ட்வீடி, சாவதற்குள் ஒரு விமானக் கம்பெனியின் ஐந்தொகையில் இருக்கிற விமானத்தில் ஒருமுறை பறந்துவிட வேண்டும் என்று கிண்டலாகச் சொல்வாராம். ஆனால் நம் ஊர் ஸ்கேன் சென்டருக்கும் முந்திரி ஆலைக்கும் பழைய தரநிலை 19தான். அதில் இரண்டு வகையும் உயிரோடு இருக்கின்றன. கொடுப்பவர் கணக்கில் பெரிய கம்பெனியானாலும் இரண்டும் உண்டு. ஆகவே இரண்டு சொல் வேண்டும்.

'லீஸ் என்றே விட்டுவிடலாமே' என்று ஒருவர் தனி அஞ்சலில் எழுதியிருந்தார். குமரி மாவட்டத்தில் அது நடக்காது ஐயா. இங்கே 'வீடு லீஸுக்கு' என்று போர்டு தொங்கினால் அது ஒற்றி. ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, காலியாகும்போது அதே தொகையை எண்ணி வாங்கிக்கொள்வது. சட்டப்படி அது லீஸே அல்ல, அனுபோக அடைமானம். 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் லீஸ் 105ஆம் பிரிவில் இருக்கிறது, ஒற்றி 58ஆம் பிரிவில். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒற்றி பதிவாக வேண்டும் என்பதும் சட்டம்; நடப்பில் முத்திரைத்தாளோடு முடித்துக்கொள்பவர்களே நிறைய. வீட்டுக்காரருக்கு வட்டியில்லாக் கடன், குடியிருப்பவருக்கு வாடகையில்லா வீடு. பேங்கில் டெபாசிட் வட்டி இறங்கினால் வீட்டுக்காரர் வாடகைப் பக்கம் சாய்வார், அடைக்கவேண்டிய கடன் இருந்தால் ஒற்றிப் பக்கம் சாய்வார். கொரியாவிலும் ஜோன்சே என்று இதே ஏற்பாடு உண்டு. அங்கேயும் வட்டி விழுந்தபோது மாத வாடகை தலைதூக்கியது. ஆக, லீஸ் என்ற சொல் இங்கே ஏற்கெனவே குடியேறிவிட்டது. காலி செய்யச் சொல்ல முடியாது.

எனக்கு ஆசை 'பாட்டம்' மேல். ஏத்தன் வாழை வைக்க நிலம் எடுத்தாலும், தென்னந்தோப்பை ஆண்டுக்குப் பேசினாலும், வெட்டி மாற்றப்போகும் ரப்பரைக் கடைசி இரண்டு வருடம் பால் எடுக்க விட்டாலும் இங்கே பாட்டம்தான். திருவிதாங்கூர் அரசு 1865இல் சர்க்கார் நிலக் குடிகளுக்கு உரிமை கொடுத்த அறிவிப்புக்கே பண்டாரப்பாட்ட விளம்பரம் என்று பெயர். ஆனால் சென்னைக்காரரிடம் பாட்டம் என்றால் ஏதோ தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம் என்று நினைத்துக்கொள்வார். மாவட்டப் பற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, பொதுச்சொல் குத்தகை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

என் முன்மொழிவு இது. ஃபைனான்ஸ் லீஸ் = விலைதீர் குத்தகை. பொருளின் விலை தவணையிலேயே தீர்ந்துபோகிற குத்தகை. சோழர் கல்வெட்டுகளில் 'விலைக்கற விற்றுப் பொருளறக் கொண்டு' என்று வருமே, அந்த 'அற' தருகிற முழுமையை இங்கே 'தீர்' தரும். ஆபரேட்டிங் லீஸ் = வாடகைக் குத்தகை. சனங்கள் அதை வாடகை என்றுதான் சொல்கிறார்கள். நாம் அதற்குமேல் மூளையைக் கசக்க வேண்டாம்.

கருத்துச் சொல்லுங்கள்.

---

மறுமொழி: குழித்துறையிலிருந்து

> ஃபைனான்ஸ் லீஸ் = விலைதீர் குத்தகை

கேட்க நன்றாக இருக்கிறது, வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஆனால் அடுத்த கேள்வி என்ன வரும் தெரியுமா சார்? 'விலை தீர்ந்துவிட்டால் பொருள் நமக்குத்தானே?'

அங்கேதான் சிக்கல். விலை தீர்ந்ததும் பொருள் நமக்கு என்பது வாடகைக் கொள்முதல் (ஹையர் பர்ச்சேஸ்). கடைசித் தவணை கட்டியதும் வண்டி நம் பெயருக்கு வந்துவிடும். லீஸில் அப்படித் தானாக வராது. 1982இல் அரசமைப்பின் 46ஆம் திருத்தம் வந்தபோதுகூட, வாடகைக் கொள்முதலில் பொருளை ஒப்படைப்பதையும் பொருளைப் பயன்படுத்தும் உரிமையை மாற்றுவதையும் தனித்தனியாகப் பிரித்துத்தான் இரண்டையும் விற்பனை வரிக்குள் கொண்டுவந்தார்கள். இப்போது ஜிஎஸ்டியில் லீஸ் சேவை ஆகிவிட்டது, அது வேறு கதை. நான் இருபது வருடமாக இந்த இரண்டையும் பிரித்துக் காட்டப் போராடுகிறேன். நீங்கள் ஒரு சொல்லில் கலந்துவிடுகிறீர்கள்.

அதோடு வருமான வரியையும் பாருங்கள். ஃபைனான்ஸ் லீஸில் கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் (பொருள் பழசாவதற்காக ஆண்டுதோறும் செலவாகக் கழிப்பது) எழுதுபவர் எடுத்தவர். வரிக்கணக்கில் அதைக் கோருபவர் கொடுத்தவர். வாகன லீஸ் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2013இல் கொடுத்தவரே உரிமையாளர் என்று ஏற்றுக்கொண்டது. விலை தீர்ந்தது என்று பெயர் வைத்துவிட்டு, உரிமையாளர் இன்னும் அவர்தான் என்று எப்படிச் சொல்ல? இங்கே ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே இதை நடத்தலாம். தொண்ணூறுகளில் முதலாண்டிலேயே நூறு சதவீதத் தேய்மானம் கிடைத்த காலத்தில், காற்றைவிட அந்தச் சலுகைக்காக வந்த பணம் அதிகம். பிறகு 80 ஆகி, 2017 ஏப்ரல் முதல் 40. யார் பெயரில் பொருள் இருக்கிறது என்பது அவ்வளவு பெரிய பணம்.

'வாடகைக் குத்தகை' எனக்குச் சம்மதம். முதல் சொல் சம்மதமில்லை.

---

மறுமொழி: தக்கலையிலிருந்து

நான் கணக்கு படித்தவன் அல்ல. நாற்பது வருடம் ஆதாரம், அதாவது பத்திரம் எழுதியவன். தம்பி விலை தீர்வதைப் பற்றிப் பேசுவதால் ஒன்று சொல்கிறேன். பழைய மலையாள ஆதாரங்களில் 'தீறு' என்றால் முழுக்கிரயம், அப்புறம் விற்றவருக்குத் திரும்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது. உங்கள் 'தீர்' எங்கள் காலத்து ஆட்களுக்குத் 'தீறு' என்றுதான் காதில் விழும். ஆசிரியர் சொல்வது சரி, மிஷின் சொந்தமாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

பாட்டச் சீட்டு எழுதும்போது நாங்கள் கவனித்து எழுதுவது விலையை அல்ல. எது யார் பாடு என்பதைத்தான். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்ததே, ஞாபகம் இருக்கும். ஒரே நாளில் வாழை எல்லாம் படுத்துவிட்டது, ரப்பர் வேரோடு சாய்ந்தது. மறுவாரம் என் திண்ணையில் பாட்டக்காரர்களும் நிலக்காரர்களும்தான். வாழை போனது பாட்டக்காரருக்கு. பாட்டப் பணமும் அவர் கொடுத்தாக வேண்டும், சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. ரப்பரில் விவகாரம் வேறு. மரம் நிலக்காரருடையது, பால் பாட்டக்காரருடையது. சில சீட்டுகளில் மரத்துக்கு வருகிற சேதமும் எடுத்தவர் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது, சிலவற்றில் இல்லை. அந்த ஒரு வரிக்காக அண்ணன் தம்பி பேச்சு நின்ற குடும்பம் எனக்குத் தெரியும்.

நீங்கள் சொல்லும் இரண்டு வகைக்கும் வித்தியாசம் அந்த ஒரு வரிதானே? பொருளுக்கு வருகிற நல்லது கெட்டது எடுத்தவர் பொறுப்பா, கொடுத்தவர் பொறுப்பா. சொல்லை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மறுமொழி: நாகர்கோவிலிலிருந்து

அண்ணாச்சி, நீங்களே சொல்லைக் கொடுத்துவிட்டு 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்கிறீர்கள்!

> நல்லது கெட்டது எடுத்தவர் பொறுப்பா, கொடுத்தவர் பொறுப்பா

பொறுப்புக் குத்தகை. விலைதீரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தரநிலை 19 ஃபைனான்ஸ் லீஸை வரையறுப்பதே இப்படித்தான்: சொந்தக்காரனுக்கு வரக்கூடிய பலனும் பாதகமும் பெரும்பாலும் எடுத்தவருக்கு மாறியிருக்க வேண்டும், பெயர் மாறினாலும் மாறாவிட்டாலும். 'இனி இது உன் பொறுப்பு' என்று பொருளைக் கையில் கொடுக்கும்போது யாரும் சொத்து எழுதிக்கொடுப்பதாக நினைப்பதில்லை. ஆகவே வாடகைக் கொள்முதலோடு குழம்பாது. இன்னொரு வசதி, நான் தேடாமலே கிடைத்தது: மேல்நிலை வகுப்புக் கணக்கியலில் ஐந்தொகையின் இரண்டு பக்கமும் சொத்துகள், பொறுப்புகள். இந்தக் குத்தகையில் மிஷின் சொத்துப் பக்கமும், கட்டவேண்டிய தவணை பொறுப்புப் பக்கமும் ஏறும். வாடகைக் குத்தகையில் இரண்டும் ஏறாது, வாடகை செலவில் போய்விடும். ஆசிரியர் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பதிவு எங்கே போடுவது என்பதும் சேர்ந்தே பிடிபடும்.

ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. சொல்லைக் கேட்டவுடன் 'யாருடைய பொறுப்பு?' என்று ஒரு நொடி தோன்றும். எடுத்தவர் பொறுப்பு என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். 'எடுத்தவர் பொறுப்புக் குத்தகை' என்று நீட்டினால் யாரும் எழுத மாட்டார்கள்.

குத்தகைதாரர் என்ற சொல்லையும் இத்தோடு விட்டுவிடலாம், அது இரண்டு தரப்புக்கும் பொருந்துவதுபோல் மயக்குகிறது. குத்தகை விட்டவர், குத்தகை எடுத்தவர். தமிழ் பேசும் எவருக்கும் அதில் சந்தேகம் வராது.

தரநிலை 116இல் வரும் ரைட் ஆஃப் யூஸ் சொத்துக்கு 'போக்கியச் சொத்து' என்று எழுத என் கை துறுதுறுக்கிறது. போக்கியம் என்றாலே அனுபவிக்கும் உரிமைதான். 2016இல் பன்னாட்டுத் தரநிலை கண்டுபிடித்ததை நம் பத்திரங்கள் எப்போதோ எழுதிவிட்டன. ஆனால் வட மாவட்டங்களில் போக்கியம் என்பது நம் ஒற்றி. லீஸுக்குச் சொன்ன அதே காரணம் இங்கேயும் என் வாயை அடைக்கிறது. 'பயனுரிமைச் சொத்து' என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள், அப்படியே இருக்கட்டும்.

புதிதாக வருவனவற்றுக்கும் இரண்டு சொல்லையும் போட்டுப் பார்த்தேன். 2024 செப்டம்பரில் எம்ஜி வின்ட்சர் மின்கார் வந்தபோது, காரை விலைக்கும் பேட்டரியைக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய்க்கும் தந்தார்கள். வீட்டு முற்றத்தில் நிற்கிற ஒரே வண்டியில் பாதி சொந்தம், பாதி குத்தகை! அந்தப் பேட்டரி எந்த வகை என்று கேட்டால், செத்துப்போனால் யார் பாடு என்று ஒப்பந்தத்தில் பார் என்பேன். சொல் அந்தக் கேள்வியைக் கேட்கவைக்கிறதே, அது எனக்குப் போதும்.

விமானத்தில் வரும் வெட் லீஸுக்கு ஒரு மொழிபெயர்ப்புக் கருவி 'ஈரக் குத்தகை' என்று போட்டிருந்தது. நஞ்சை வயல் பாட்டம் என்று நினைத்தேன். விமானத்தோடு விமானியும் பணியாளர்களும் பராமரிப்பும் இன்சூரன்சும் சேர்ந்து வருவது அது. 'ஆளோடு குத்தகை', 'ஆளில்லாக் குத்தகை' என்று வைத்தால் நம் ஜேசிபிக்கும் சேர்த்துச் செல்லும். இரண்டாவதை ஆளில்லா விமானம் என்று எவராவது படித்துவிடுவாரோ என்ற பயம் மட்டும் இருக்கிறது, 'வெறுங்குத்தகை' சரிப்படுமா?

ஸ்கேன் சென்டர்காரரிடம் நேற்று புதுச் சொல்லைச் சொன்னேன். "பொறுப்பா? அது முதல்நாளே தெரிஞ்சுது. ரிப்பேருக்கு நான்தானே ஆள் கூப்பிடுறேன்" என்றார். விளக்கம் கேட்கவில்லை.

ஆசிரியர் ஒத்துக்கொண்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம். ரெசிடுவல் வேல்யூவுக்கு (லீஸ் முடியும்போது பொருளுக்கு மீந்திருக்கும் மதிப்புக்கு) எச்ச மதிப்பா, மிச்ச மதிப்பா என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன். காக்கை எச்சம் பற்றிய பகடிகளை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.