டான்சில் எடுத்த பிறகும் குறட்டை: உங்கள் பிள்ளைக்கு எங்கே அடைத்தது?

நாலாம்ஜாமம்:
டான்சில், அடினாய்டு இரண்டும் எடுத்தாயிற்று. கொஞ்ச காலம் நிம்மதி, அப்புறம் மகளுக்குப் பழையபடி குறட்டை. தூக்க எண்டாஸ்கோபி செய்தார்கள். மயக்க மருந்தில் தூங்கவைத்து மூக்கு வழியாகக் கேமரா விடுவது, உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வீடியோவை டாக்டர் போட்டுக் காட்டினார். டான்சில் இருந்த இடம் நன்றாகத் திறந்திருக்கிறது. கேமரா கீழே இறங்கியதும், நாக்கின் வேர் பின்னால் சரிந்து குரல்வளை மூடியைத் தொண்டைச் சுவரோடு வைத்து அழுத்துகிறது. நெஞ்சு இழுத்து இழுத்துப் பார்க்கிறது, காற்று போகவே இல்லை. தாடையை யாரோ முன்னால் தூக்கிப் பிடித்ததும் வழி பட்டென்று திறந்தது. இதை முதலிலேயே பார்த்திருக்கலாமே!

தூங்காத அப்பா:
எங்களுக்கு நேர்மாறு. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "டான்சில் சின்னதுதான், ஒன்றுமில்லை" என்றார் ஒருவர். தூக்கப் பரிசோதனையில் ஏஎச்ஐ, அதாவது தூக்கத்தில் மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு, 14. அடினாய்டு மூக்குக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது, டார்ச்சில் எப்படித் தெரியும்? பக்கவாட்டு எக்ஸ்ரேயில் காற்றுப் பாதை நூல் மாதிரி இருந்தது.

வரிசைப்படி:
முதல் பதிவோடு எனக்கு உடன்பாடில்லை. டான்சில் பெரிதாக இருந்து, வேறு குறையில்லாத பிள்ளைக்கு எண்டாஸ்கோபி எதற்கு? டான்சில், அடினாய்டு ஆபரேஷனையும் காத்திருப்பதையும் ஒப்பிட்டு 2013-இல் வந்த சாட் ஆய்வைப் பாருங்கள். 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள். ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு 7 மாதத்தில் தூக்கப் பரிசோதனை சீரானது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சீரானது. மயக்கத் தூக்கமும் இயல்பான தூக்கமும் ஒன்றல்ல. மருந்தே தசையைத் தளர்த்தும், அளவு கூடினால் இல்லாத அடைப்பும் தெரியும். என் மகனுக்கு ஆபரேஷனோடு சரியாகிவிட்டது, என் கதை அவ்வளவுதான். எல்லாரும் ஒன்று செய்யுங்கள்: பிள்ளை தூங்கும்போது நெஞ்சு தெரிய வீடியோ எடுங்கள். விடியற்காலையில் எடுங்கள், கனவுத் தூக்கம் அப்போதுதான் அதிகம், அடைப்பும் அதிகம். அறிக்கையைப் பெரியவர்கள் கணக்கில் படிக்காதீர்கள். ஏஎச்ஐ 5-க்குள் என்றால் பெரியவர்களுக்கு இயல்பு. பிள்ளைகளுக்கு 1-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 10-ஐத் தாண்டினால் தீவிரம்.

நாலாம்ஜாமம்:
எல்லாருக்கும் செய்யச் சொன்னேனா? என் மகளுக்கு டவுன் சின்ட்ரோம். தசைத் தளர்ச்சி, சின்னத் தாடை, பின்னுக்குச் சரியும் நாக்கு என்று எல்லாம் சேர்ந்தது. இந்தப் பிள்ளைகளுக்குக் குறட்டை இல்லாவிட்டாலும் 4 வயதுக்குள் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. உங்கள் 79 சதவீதத்தில் அவளைச் சேர்க்காதீர்கள். காற்றை அழுத்தி அனுப்பி மூச்சு வழியைத் திறந்து வைக்கும் சிபேப் மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிறாள். நாக்கின் வேரில் இருக்கும் டான்சிலையும் எடுக்கலாம் என்கிறார்கள். அதைச் செய்துகொண்ட பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இருந்தால் எழுதுங்கள். வீடியோ எடுக்கச் சொல்லும் ஆலோசனை இனி வேண்டாம்.