புதுப்பிப்பு: கண் உறுத்தலுக்குக் காரணம் புழுதி மட்டும் இல்லையாம்

தேர்வுக்குப் படிக்கும்போது கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துகிறது, தண்டையார்பேட்டைப் புழுதிதான் காரணமோ என்று போன மாதம் எழுதியிருந்தேன். நேற்று கண் மருத்துவரிடம் போனேன். கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி 5 நிமிடம் உட்கார வைத்தார். ஈரம் 7 மில்லிமீட்டர்தான் ஏறியது; 10க்கு மேல் ஏற வேண்டுமாம். கண் வறட்சி. புழுதியும் லாரிப் புகையும் கூடுதல் தொல்லைதான். ஆனால் லேப்டாப்பை முறைத்துக்கொண்டே இருந்தால் நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது, இமைத்தாலும் முழுதாக மூடுவதில்லை. பிறகு கண்ணீர் எங்கே பரவும்?

அப்புறம், “தண்ணீராக வடிகிறது என்கிறாய், அது எப்படி வறட்சி?” என்று கேட்டவருக்கு: உறுத்தல் தாங்காமல் கண் சுரக்கிற நீர் அது, கண்ணில் தங்காது.

சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். மின்விசிறிக்கு நேராகப் படுப்பதையும் நிறுத்தச் சொன்னார். சரி என்று நிறுத்திவிட்டேன். ராத்திரியெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது.