மறு: நுழைவு வளைவு நிதி – குளத்துக்குத் தருகிறேன்

அனைவருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு நேற்றுதான் தோஹா திரும்பினேன். நம் ஊருக்கு நுழைவு வளைவு கட்ட ஆளுக்கு இருபதாயிரம் தர வேண்டும் என்ற மடலைப் பார்த்தேன். வளைவுக்கு நான் தரமாட்டேன். அதே பணத்தைக் குளம் தூர்வாரத் தருகிறேன்.

அத்தை வீட்டில் பருப்பு வேகவில்லை. ஒரு மணி நேரம் அடுப்பில் கிடந்தும் முழுசு முழுசாகவே நின்றது. அடிபம்பு தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தேன், கரிக்கிறது. "கஜாவுக்கு அப்புறம் ரொம்ப மோசம்ப்பா. நாங்க குடிக்க கேன் வாங்குறோம், ஆட்டுக்கும் கேனா வாங்க முடியும்?" என்றார். மணல்மேட்டில் கையால் பறித்தாலே நல்ல தண்ணீர் ஊறிய ஊர் இது.

பழியெல்லாம் 2018 புயல் மேல் போட முடியாது. வேதாரண்யம் பக்கத்து மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. மேல்மட்டம் ஓரடி இறங்கினால், அடியில் உப்பு நாளடைவில் நாற்பதடி வரை ஏறும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. நாம் வீட்டுக்கு வீடு போர் போட்டு இழுக்கிறோம். காவிரி கடைமடைக்கு வருவது அந்தந்த வருஷத்து அதிர்ஷ்டம். அந்தப் பக்கம் கடலோ, 1993 முதல் உலகச் சராசரியில் சுமார் 10 செ.மீ. உயர்ந்துவிட்டது.

அப்புறம் இறால். இதை யாரும் எழுதமாட்டீர்கள், நான் எழுதுகிறேன். ஜப்பான்காரரும் அமெரிக்கரும் நல்ல விலை கொடுத்தார்கள் என்று 1990-களில் கடலோர வயல்களை வெட்டிக் குட்டையாக்கினோம். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா வழக்குப் போட்டார். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளை அகற்றச் சொன்னது. அதற்குள் எங்கள் வயலில் உப்பு இறங்கிவிட்டது. அப்பா மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பணத்தில்தான் எனக்கு விசா எடுத்தார். இன்றைக்கும் அந்த மூன்று மாவில் உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடியைத் தவிர ஒன்றும் முளைக்கவில்லை. போய் நின்று பார்த்தேன். என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

சிங்கப்பூர் மாமா, பக்கத்து ஊரில் வளைவு இருக்கிறது, நமக்கு இல்லையே என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அந்த வளைவுக்குக் கீழேதான் தண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

பொருளாளர் அண்ணே, நிவாரணக் கணக்கு கேட்பது நியாயம்தான். அதைக் காட்டி இத்தனை வருஷமாக எல்லா வேலையையும் நிறுத்தி வைத்திருப்பது நியாயமில்லை. குளத்துக்குத் தனிக் கணக்கு தொடங்குவோம், ஒவ்வொரு ரசீதையும் இங்கேயே போடுகிறேன்.

ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிற மழை இப்போது நேராகக் கடலுக்கு ஓடுகிறது. குளத்தில் நின்றால்தான் மணலில் இறங்கி உப்பைக் கீழே அழுத்தும். வடிகால் மதகில் பலகையே இல்லை, பெரிய அலை ஏறும் நாளில் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. முதலில் பலகை, அப்புறம் தூர்.

வடகரையில் மேலத்தெரு பெரியப்பாவின் சுற்றுச்சுவர் குளத்துக்குள் நிற்கிறது. அவரிடம் நானே பேசுகிறேன். சுனாமியன்று அவர் எங்கள் வீட்டுக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. தயவுசெய்து வேறு யாரும் போய்ச் சண்டை போட வேண்டாம்.