சின்ன ஃப்ளாட்டில் பேஸ் (அடிச்சுரம்): ஸ்பீக்கரோடு மும்பைக்காரர்கள் பட்ட பாடு

மாட்டுங்கா மூன்றாம் மாடி:

ஷண்முகானந்தா ஹாலிலிருந்து நடந்தே வீடு வந்துவிடுகிற தூரத்தில் இருக்கிறேன். அதுதான் வினை. கச்சேரியில் கேட்ட மிருதங்கத் தொப்பியின் (இடது பக்கத்தின்) நாதம் காதை விட்டுப் போவதற்குள் வீட்டில் ஒரு ரெக்கார்டிங்கைப் போட்டால், வலந்தலை (வலது பக்கம்) மட்டும் டிண் டிண் என்று வரும். தொப்பியை அமுக்கி இழுக்கும் கும்கி விழ வேண்டிய இடத்தில் யாரோ தலையணையைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். ஐந்தேகால் அங்குல வூஃபர் (அடிச்சுரத்தை எழுப்பும் பகுதி) வைத்த சின்ன புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர், இதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

கடைக்குப் போய், தரையில் நிற்கிற டவர் ஸ்பீக்கர் கேட்டேன். வயிற்றில் இறங்கியது. வாங்கிவிட்டேன். லிஃப்ட் இல்லாத கட்டடம், இரண்டு பேர் திட்டிக்கொண்டே தூக்கி வந்தார்கள். ஹாலில் வைத்துப் போட்டால் பழைய கதைதான். சொல்லப்போனால் இன்னும் மோசம். ஒன்றிரண்டு சுரம் மட்டும் 'பூம்' என்று ஊதிக்கொண்டு நிற்கும், மற்றவை இருக்கிற இடமே தெரியாது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போதவில்லை என்றார் ஒரு நண்பர். கேபிளை மாற்று என்றார் இன்னொருவர். கேபிளுக்குக் கொடுத்த காசை இங்கே எழுத மாட்டேன், இதைப் படிக்கிற ஆள் வீட்டிலேயே உண்டு.

விஷயம் பிடிபட்டது காபியால். பாட்டு ஓடும்போதே டம்ளரை வைக்கச் சமையலறைப் பக்கம் போனேன். நிலைப்படியில் நின்றால் பேஸ் கொட்டுகிறது. கும்கியின் அந்த இழுப்பு, கார்வை, எல்லாம் இருக்கிறது. நாற்காலிக்குத் திரும்பினால் காணோம். மறுபடி நிலைப்படி, மறுபடி நாற்காலி. நாலைந்து தடவை நடந்த பிறகு டேப்பை எடுத்து அறையை அளந்தேன்.

ஹால் 14 அடி நீளம், 10 அடி அகலம். சுற்றிலும் கான்கிரீட், கீழே மொசைக். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 14 அடி என்றால் 4.27 மீட்டர். 343-ஐ அதன் இரு மடங்கால் வகுத்தால் 40 வருகிறது. 40 ஹெர்ட்ஸ் அலையில் சரிபாதி இந்த நீளத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு கோடிச் சுவரிலும் அழுத்தம் உச்சம், நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதே நடுவில் 80 ஹெர்ட்ஸ் எகிறும், 120 மறுபடி விழும். பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், அது எங்கே கேட்கப் போகிறது? என் நாற்காலி சரியாக அறையின் நடுவில், மின்விசிறிக்குக் கீழே. வியர்க்காமல் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டதற்குத் தண்டனை.

ஸ்பீக்கரை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. நாற்காலியை மட்டும் பின்சுவரிலிருந்து ஐந்தடியில் போட்டேன். இந்த மூன்று அதிர்வெண்ணில் எதுவும் அங்கே முழுசாகச் சாகவில்லை. அப்புறம் ஒரு விஷப்பரீட்சை: பழைய புக்ஷெல்ஃபை டவர் இருந்த இடத்தில் ஸ்டாண்டில் ஏற்றி வைத்துக் கேட்டேன். மிருதங்கத்துக்கு அதுவே போதும் போலிருக்கிறது. இந்த வரியையும் அந்த ஆள் படித்துவிட்டால் என் கதி அவ்வளவுதான்.

செம்பூர்வாசி:

உங்கள் கதையாவது இயற்பியல். எட்டு மாதம் ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிச் சொருகி வைத்திருந்த ஜென்மம் நான். ஒரு ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) முன்னால் வரும்போது மற்றதன் கோன் பின்னால் போகும், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடகர் குரலும் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவிக் கிடக்கும். அதை நான் 'ஆகா, என்ன விஸ்தாரமான ஒலி' என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். என் அக்கா பையன் விளையாட்டாக பேலன்ஸ் குமிழை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினான். ஒரே ஸ்பீக்கர் பாடும்போது பேஸ் கூடுகிறது! அப்போதுதான் பின்னால் போய் வயரைப் பார்த்தேன். மூன்று நிமிட வேலை.

லாமிங்டன் ரோடு ரசிகன்:

ஸ்பீக்கரில் எது ப்ளஸ் முனை என்று தெரிந்துகொள்ள இன்னொரு வழி இருக்கிறது. என் அப்பாவின் பழைய ஸ்பீக்கரில் வூஃபரின் விளிம்பைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் உளுத்துப்போய்விட்டது. இருபது மழைக்காலம் பார்த்தது. விரல் வைத்ததும் ஈரக் கரி மாதிரி பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. பேஸ் இல்லை, உறுமினால் கரகரப்பு. லாமிங்டன் ரோட்டுச் சந்து ஒன்றில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பழைய ஃபோமை பிளேடால் சுரண்டி எடுத்து, புது வளையத்தை ஒட்டி, காய்வதற்குள் கோனை இரண்டு கட்டை விரலாலும் மெதுவாக அமுக்கி அமுக்கிப் பார்த்தார். உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் எங்கேயாவது உரசுகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். கடைசியாக ஒரு பென்சில் பேட்டரியை எடுத்து இரண்டு முனையிலும் ஒரு கணம் தொட்டார். கோன் முன்னால் துள்ளினால் ப்ளஸ் தொட்ட முனைதான் ப்ளஸ். கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஒரே ஸ்பீக்கருக்குத்தான் கூலி வாங்கினார். இரண்டாவதை என்னையே ஒட்டச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

முலுண்ட் மாப்பிள்ளை:

சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான தனி ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) கட்சியிலிருந்து ஒருவன். டிவிக்குப் பக்கத்தில் வைத்தபோது சகிக்கவில்லை. ஒரு முறை படித்தேன்: நாம் உட்காரும் சோபாவில் சப்பைத் தூக்கி வைத்து, ஒரு பேஸ் வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, தரையோரமாகத் தவழ்ந்து கேட்க வேண்டும். எங்கே அது தெளிவாகவும் சமமாகவும் கேட்கிறதோ அங்கே சப்பை வைத்தால் சோபாவிலும் அப்படியே கேட்கும். தவழ்ந்துகொண்டிருந்தபோது மாமியார் உள்ளே வந்து, "மாப்பிள்ளை, என்ன தேடறேள்?" என்று தானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். பேஸைத் தேடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? கிடைத்த இடம் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கம். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. கிராஸ்ஓவர், அதாவது சப் பாட ஆரம்பிக்கிற எல்லை, 80 ஹெர்ட்ஸில். அதற்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு அவ்வளவாகப் பிடிபடாது, அதனால் செருப்பு பாடுகிற மாதிரித் தோன்றுவதில்லை.

அடுத்த பிரச்சினை கீழ்வீடு. சொசைட்டி செகரட்டரி போனில் ஆப் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் வாசலில் 48 டெசிபல். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45. மாலை ஏழு மணி, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அந்த அளவு 'ஏ' எடையிட்ட டெசிபல். மனிதக் காதின் போக்குக்கு ஏற்ப அடிச் சத்தத்தைக் கழித்துக் காட்டுவது. 50 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 30 டெசிபல் கழிந்துவிடும். கீழ்வீட்டுக்காரர்கள் கூப்பிட்டதால் போய்ப் பார்த்தேன். எவர்சில்வர் பாத்திர அலமாரி மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. எண் என் பக்கம், அலமாரி அவர்கள் பக்கம். சப்புக்கு அடியில் தடித்த ரப்பர் போட்டேன். நடுக்கம் குறைந்தது, உறுமல் அப்படியேதான்.

இப்போது ஒன்பது மணிக்கு மேல் சப் அணைந்துவிடும், ஒலியையும் குறைத்துவிடுவேன். குறைத்தால் பேஸ்தான் முதலில் காணாமல் போகிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது, சத்தம் குறையக் குறைய அடிச்சுரங்களுக்குக் காது மந்தமாகிறது. பழைய ஆம்ப்களில் 'லௌட்னெஸ்' என்று ஒரு பொத்தான் இருந்ததே, அது இதற்குத்தான். தூய்மைவாதிகள் அதைத் தொடக்கூட விடமாட்டார்கள். கான்கிரீட் பெட்டிக்குள் குடும்பம் நடத்துகிறவனுக்கு அதுதான் வரம்.

டோம்பிவிலி ஃபாஸ்ட்:

பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சப் எதற்கு ஐயா? என் ஸ்பீக்கரின் பின்பக்கத் துளையில் ஒரு ஜோடிக் காலுறையைச் சுருட்டி அடைத்தேன் (துவைத்ததுதான்). பூம் போயிற்று. துளை வைத்த ஸ்பீக்கர் பெட்டி, அதன் துளை ட்யூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் விழும், மூடிய பெட்டி 12 வீதம்தான் விழும். சின்ன அறை தானாகவே அடிச்சுரத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்துவிடும். எட்கர் வில்ச்சூர் 1954-ல் ஏஆர்-1 என்று கொண்டுவந்த ஸ்பீக்கரும் மூடிய பெட்டிதான். இன்னொன்று: முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டாதீர்கள். ஒட்டியவன் சொல்கிறேன். பேஸ் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது, பல்லிதான் குடிவரும்.

மாட்டுங்கா மூன்றாம் மாடி:

காலுறையைச் செய்து பார்த்தேன், டவருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஒவ்வோர் அதிர்வெண்ணையும் தனித்தனியாக ஏற்றி இறக்குகிற ஈக்வலைசரையும் தொட்டுப் பார்த்தேன். 80-இல் எகிறுவதை நாலு டெசிபல் வெட்டினால் சுத்தமாகிறது. நடுவில் விழும் 40-ஐ ஏற்றினால் ஆம்ப்தான் சூடாகிறது, பள்ளம் அப்படியே கிடக்கிறது.

நேற்று இரவு 30-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை ஐந்தைந்தாக டோன் ஓடவிட்டேன். 65 வந்ததும் கிர்ரென்று ஒரு சத்தம். வூஃபர் போய்விட்டது என்று நெஞ்சு அடைத்தது. ஸ்பீக்கரில் காதை வைத்தால் சுத்தமாக இருக்கிறது. அரை மணி நேரம் தேடினேன். பெட்ரூமில் இரும்பு பீரோவின் கதவு. மேலே இருந்த சூட்கேஸைக் கையால் அமுக்கினால் நிற்கிறது, விட்டால் ஆரம்பிக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை நாலாய் மடித்துக் கதவிடுக்கில் செருகி வைத்திருக்கிறேன். காலையில் பட்டுப்புடவை எடுக்கத் திறந்தபோது அது கீழே விழுந்து, யார் கல்யாணம் என்று விசாரணை நடந்தது. சாயங்காலம் திரும்பவும் செருக வேண்டும்.