முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு: வீட்டிலேயே சீல் மாற்றலாமா?

திண்டுக்கல்காரன்: என் 150 சிசி பைக்கில் வலது ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக்) குழாயைச் சுற்றி ஆயில் வளையம் கட்டி நிற்கிறது. வேகத்தடை ஏறி இறங்கினால் பிரேக் டிஸ்க் வரை வழிகிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், ஃபோர்க்கை மட்டும் தொட்டதில்லை. சீலை (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) நானே மாற்றலாமா?

பழைய ஸ்பேனர்: தாராளமாக, தம்பி. முதலில் மேலே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலைத் தூக்கிவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டி சீலுக்கும் குழாய்க்கும் நடுவே விட்டுச் சுற்றுங்கள். மண் மாட்டியிருந்தால் கசிவு அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் கழற்ற வேண்டியதுதான். அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டை, மேல் மூடியைத் திறக்கும் முன்பே லூஸ் செய்துவிடுங்கள். ஸ்பிரிங் அழுத்தம் போய்விட்டால் உள்ளே இருக்கும் ராடும் சேர்ந்து சுற்றும். அப்புறம் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

திண்டுக்கல்காரன்: சரிண்ணே. புது சீலை உள்ளே இறக்கத் தனி டூல் வேண்டுமா?

பழைய ஸ்பேனர்: எதற்கு? புது சீல் மேல் பழைய சீலை வைத்து, பிவிசி பைப் துண்டால் சர்க்ளிப் (சீலைப் பிடித்து நிறுத்தும் கம்பி வளையம்) உட்காரும் காடி தெரியும் வரை நேராகத் தட்டுங்கள். இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஆயிலைக் கண்மதிப்பில் ஊற்றாமல் மேனுவலில் உள்ளபடி அளந்து ஊற்றுங்கள்.

கிரீஸ் கை: குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். துருக்குழியில் நகம் மாட்டினால் புது சீலும் கிழியும். பிரேக் பேடில் ஆயில் ஊறியிருந்தால் கழுவி ஓட்டாதீர்கள், புதிது போடுங்கள்.